குத்துமதிப்பு வழக்கு

தச்சர் அந்தக் குரல் பதிவை அனுப்ப நினைத்தது தன் மச்சானுக்கு. போய்ச் சேர்ந்தது, படுக்கையறைக்கு அலமாரி செய்யச் சொல்லியிருந்த வீட்டுக்காரருக்கு. வீட்டுக்காரருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவருடைய கைபேசிக்குத் தெரியும். தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

“மச்சான், அளவெல்லாம் எடுக்க வேணாம். நாளைக்குக் காலையில அந்த ஆளு வீட்டுல இருக்கறப்பவே போயி குத்துமதிப்பா முடிச்சுடுவோம்.”

தச்சர் பேசியது இவ்வளவுதான். கைபேசி அதை மொழிபெயர்த்ததில் அளவு காணாமல் போனது, குத்து மட்டும் தங்கிவிட்டது. அந்த மனிதர் வீட்டில் இருக்கும்போதே குத்தி, ஆளை முடித்துவிடுவோம் என்று வந்தது. மறுநாள் காலை தச்சர் உளி, சுத்தியல், இரண்டு ரம்பம் சகிதமாக வந்து அழைப்புமணியை அழுத்தினார். கதவைத் திறந்தது போலீஸ்.

இப்படித்தான் அந்தச் சொல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் தலையில் வந்து விழுந்தது. கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு வேலை பார்ப்பவள் அவள். விவாகரத்து வழக்குகளில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் திட்டுவதைக்கூட முகம் மாறாமல், தரம் குறையாமல் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறாள். இந்த முறை நீதிமன்றத்திலிருந்து வந்த உத்தரவு வேறு மாதிரி இருந்தது: சொல்லின் பொருளையும், அது பிறந்த கதையையும் விசாரணையில் விளக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினாள். குத்துமதிப்பு என்றால் உத்தேசம் என்றது. உத்தேசம் என்றால் தோராயம். தோராயத்தைத் தேடிப் போனால் அது அவளைத் திரும்பவும் குத்துமதிப்பிடமே கொண்டுவந்து விட்டது. மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லித் தப்பித்துக்கொண்டன.

“இதுக்கெதுக்கு புத்தகம்?” என்றாள் மாமியார், அரிசி களைந்தபடி. “ஒரு குத்து அரிசின்னா ஒரு கை அரிசி. கையால அள்ளிப் பாத்து இவ்வளவு இருக்கும்னு சொல்றது. அவ்வளவுதான்.”

“அதில்லம்மா” என்று சாப்பாட்டு மேசையிலிருந்து அவள் கணவன் குரல் கொடுத்தான். பஸ் ஓட்டுபவன், வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பதுபோல வீட்டிலும் முன்கூட்டியே சத்தம் கொடுப்பான். “குத்தகைன்னு சொல்றோம்ல? பிரிச்சுப் பிரிச்சு எண்ணாம மொத்தமா இவ்வளவுன்னு பேசறது. அந்தக் குத்துதான் இது.”

“நீ கண்டே!”

“நீங்க மட்டும் கண்டீங்களா?”

அம்மாவும் பிள்ளையும் அன்று மாலை முழுக்க முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. சோறு குழைந்துவிட்டது. அதற்கு யார் காரணம் என்பதிலும் இரண்டு கருத்து இருந்தது.

விசாரணை அன்று நீதிபதி அம்மையாருக்குத் தலைவலி. அவள் தன் விளக்கத்தைச் சொன்னாள். “அளந்து பார்க்காமல் கண்ணாலோ கையாலோ மதிப்பிடுவது என்று பொருள். எப்படி வந்த சொல் என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. எது சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.”

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். “அந்தச் சொல்லில் குத்து இருக்கிறதா, இல்லையா?”

“எழுத்தில் இருக்கிறது. பொருளில் இல்லை.”

“கத்தி?”

“எதிலும் இல்லை.”

நீதிபதி நெற்றியைத் தேய்த்தார். பிறகு தச்சரைப் பார்த்து, “இந்த மேசை எவ்வளவு நீளம்? நீங்கள் வழக்கமாகச் சொல்வதுபோலவே சொல்லுங்கள்” என்றார். அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

தச்சர் ஒற்றைக் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். “குத்துமதிப்பா ஏழடி.”

டேப் கொண்டுவந்து அளந்தார்கள். ஐந்தரை அடி.

“அந்தக் கதவு?”

“ஆறடி. ஒரு நூல்கூட மாறாது.”

எட்டடி இருந்தது. ஜன்னலைக் கேட்பதற்குள் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் எழுந்து கத்தினார்: “இப்படித்தான்! போன மாதம் செய்த சமையலறை அலமாரியின் கதவு இன்றுவரை மூடவில்லை! பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடினார், ஏதோ சொன்னார், அறுத்துவிட்டார்!”

“என்ன சொன்னார்?” என்றார் நீதிபதி.

“குத்து... குத்துமதி...” வீட்டுக்காரர் அந்தச் சொல்லின் பாதியிலேயே நின்றார். மெல்ல உட்கார்ந்தார்.

வழக்கு தள்ளுபடியானது. தச்சரின் மச்சான் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

வராந்தாவில் தச்சர் அவளை மறித்தார். “அக்கா, கடைசியா ஜட்ஜம்மா ஏதோ சொன்னாங்களே, என்னது?”

அவள் ஒரு கணம் தயங்கினாள். சத்தியம் செய்தவள் ஆயிற்றே. “இவரால் மனித உயிருக்கு ஆபத்தில்லை, மரச்சாமான்களுக்குத்தான் ஆபத்துன்னாங்க.”

தச்சரின் முகம் தொங்கிப்போனது. “கொலைகாரன்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். பொழப்புல இல்ல கைய வச்சுட்டாங்க!”

“விடுங்க மாமா, உள்ள போகாம வந்தீங்களே” என்றான் மச்சான்.

“நீ பேசாதடா. டேப்ப வீட்டுல மறந்து வச்சவன் நீதான்.”

“அது தொலைஞ்சு ரெண்டு வருஷமாச்சு மாமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொழில் பழக்கத்தில் அடக்கிக்கொண்டாள். அதற்குள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். யார் முகத்தையும் பார்க்காமல், மரமெல்லாம் கூடத்தில் கிடக்கிறது, மனைவி தினமும் தடுக்கி விழுகிறாள், இந்த ஆள் நாளைக்கு வருவாரா என்று கேட்கச் சொன்னார். அவளுடைய வேலை நேரம் முடிந்திருந்தது. இருந்தும் கேட்டாள்.

தச்சர் கூரையைப் பார்த்தபடி முறுக்கிக்கொண்டார்.

“வர்றேன்னு சொல்லுங்கக்கா. ஆனா அளக்கறப்ப அவரும் கூட நின்னு டேப்ப பிடிக்கணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அவள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். வீட்டுக்காரர் யோசித்தார்.

“எந்த முனையை?” என்று கேட்டார்.