மெதுவாய் ஓடிய கேசட்

பாட்டு ஆரம்பித்து நாலு வரி கூடப் போகவில்லை. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிப், நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

ரொலாண்டோ ஹெட்ஃபோனைக் கழற்றினான். காது மடல் இரண்டும் சுட்டன. அவன் கையிலிருந்த பேஸ் கிட்டார் ஒரு சுருதியில் முனகியது. ஏற்கெனவே பதிவாகி நாடாவில் ஓடிய கிட்டார்கள் வேறு சுருதியில் அலறின. அவன் முதல் திருப்பத்துக்கு வருவதற்குள் அவை மூன்றாவது திருப்பத்தைத் தாண்டிவிட்டன.

"என்னடா இது? பக்கத்து வீட்டுப் பாட்டுக்கு வாசிக்கிறியா?" என்று ஸ்பீக்கரில் கேட்டான் வேட்.

வேட் ஹட்சின்ஸ்தான் 'கிரேவ் மெரிடியன்' என்ற மெட்டல் இசைக் குழுவின் தலைவன். கிட்டாரும் தொண்டையும் அவனுடையவை. டிரம்ஸ் கிப்புடையது. முதல் ஆல்பம் வந்தபோது டாம்பா நகரில் கறுப்பு பனியன் போட்ட அத்தனை பேரும் பித்துப் பிடித்துத் திரிந்தார்கள். மூச்சு விடாத வேகம், வெறும் வெட்டுக்குத்து. இரண்டாவது ஆல்பத்தில் அந்த வேகத்துக்குள்ளேயே திருகலும் சுளுக்கும் வந்தன. ஒரு பாட்டுக்குள் பன்னிரண்டு தாளம் மாறும். இப்போது, தொண்ணூற்றொன்றாம் வருட ஜூலையில், மூன்றாவது ஆல்பம் பாதி பதிவாகிவிட்டது. டிரம்ஸும் கிட்டாரும் முடிந்த நிலையில் பழைய பேஸ் கலைஞன் கோபித்துக்கொண்டு போய்விட, அந்த இடத்துக்குப் போன வாரம் வந்து சேர்ந்தவன் ரொலாண்டோ கின்யோனெஸ்.

இந்தக் குழுவின் பாட்டுகளைப் பள்ளிக்கூட நாளிலிருந்து மனப்பாடமாக வைத்திருப்பவன். குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு வந்த அன்று பழைய பாட்டுகளைப் பிசகாமல் வாசித்து, கிப்பின் வாயையே அடைத்தவன். அவனுக்கா இந்தக் கதி?

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் வேட். அவன் குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம். "நியூயார்க்ல ரெகார்டு கம்பெனிக்காரன் இன்னிக்குள்ள இந்தப் பாட்டுக்கு பேஸ் ஏறணும்கிறான். இல்லேன்னா நாளைக்குக் காலை விமானத்துல பேஸ் வாசிக்க அவனோட ஆள் வர்றான். அப்புறம் ஆல்பம் முழுக்க அந்த ஆள்தான். என்னால தடுக்க முடியாது."

"எனக்கும் ஒண்ணு சொல்ல இருக்கு," என்றாள் ஒலிப்பதிவு மேசையில் இருந்த க்ளெண்டா. "மேற்கே மேகம் கட்டுது. முதல் மின்னல் பக்கத்துல விழுந்தா நான் மெஷினை நிறுத்திடுவேன். அப்புறம் கெஞ்சாதீங்க."

டாம்பாவில் கோடைக்காலப் பிற்பகல் என்றால் இடி மழைதான். போன வருடம் ஒரு மின்னல் அவளுடைய மேசையையே கருக்கிவிட்டுப் போயிருந்தது. அதன் பிறகு அவள் யார் பேச்சையும் கேட்பதில்லை.

ரொலாண்டோ அவசரமாகத் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான். மறுபடி நாடா ஓடியது. மறுபடி தடுக்கினான். அவன் அமைத்து வைத்திருந்த வளைவு நெளிவெல்லாம் அந்த வேகத்துக்குள் திணிக்க முடியாமல் பிதுங்கிக்கொண்டு நின்றன. மூன்றாவது முறை விரல் நுனி பிய்ந்ததுதான் மிச்சம்.

"நான் ஒரு வழி சொல்றேன்," என்று எழுந்தான் கிப். "க்ளெண்டா, நாடாவை மெதுவா ஓட விடுங்க. நம்ம கல்யாண மாப்பிள்ளை ஆற அமர வாசிக்கட்டும். அப்புறம் பழைய வேகத்துக்கு ஏத்திடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

ரொலாண்டோ சனிக்கிழமைகளில் மாமாவின் குழுவோடு ஈபோர் சிட்டி பேட்டைக் கல்யாணங்களில் காதல் பாட்டு வாசிப்பவன். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கிப்புக்கு அவன் 'கல்யாண மாப்பிள்ளை'தான்.

இந்த ஊரில் இந்தச் சங்கீதம் வாசிப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வேகம் வரவில்லையென்றால் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாடாவை ஏமாற்றினான் என்று பேர் வாங்கினால் எந்த மேடையிலும் ஏற முடியாது.

"வேண்டாம்," என்றான் ரொலாண்டோ. "மேடையில என் கையாலதானே வாசிக்கணும்? மெஷினா வந்து வாசிக்கும்? நாளைக்கு அந்த ஆளே வரட்டும்."

சொல்லிவிட்டு ஹெட்ஃபோனைக் கொக்கியில் மாட்டினான்.

பேஸைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தவனைத் தடுத்தான் வேட். கண்ணாடியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டான்.

"நில்லு. தேர்வு அன்னிக்கு இதைவிடக் கஷ்டமான பாட்டைப் பிச்சு எறிஞ்ச. இந்த ஒரு வாரத்துல உனக்கு என்னடா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலை. நீங்கதான் மாறிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நாங்களா?"

"முதல் ஆல்பத்துல வெறும் ஓட்டம். ரெண்டாவதுல திருப்பம். மூணாவதுல நிதானத்துக்கு வந்துட்டாங்க, சுருதியையும் இறக்கிட்டாங்க, என்ன துணிச்சல்னு நினைச்சேன். நீங்க குடுத்த கேசட்டைக் கேட்டு மூணு நாள் தூங்கலை, தெரியுமா? அந்த நிதானத்துக்குத் தகுந்த மாதிரிதான் எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கேன்."

வேட் கிப்பைப் பார்த்தான். கிப் வேட்டைப் பார்த்தான்.

"எந்த நிதானம்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"எதுல போட்டுக் கேட்டே?" என்று மேசையிலிருந்தே கேட்டாள் க்ளெண்டா.

"வேன்லதான். காலையில கடைகளுக்கு ரொட்டி போடப் போறப்போ."

அவன் வேலை பார்க்கும் பேக்கரியின் வேன் வாசலில்தான் நின்றது. மூன்று பேரும் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள். வானத்தின் பாதி கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. வேனுக்குள் நீளமான கியூபா ரொட்டி வாசனை. ரொலாண்டோ சாவியைத் திருப்பி, கேசட்டைத் தள்ளினான்.

கிப் வாசித்த டிரம்ஸ், கஞ்சா அடித்த யானை படியேறுவதுபோல் வந்தது.

"ஐயோ!" கிப் வேனின் பக்கவாட்டில் தலையை முட்டிக்கொண்டான். "டேய், உன் டேப் செத்துக்கிட்டிருக்குடா! உள்ள பெல்ட் தொங்கி மெதுவா ஓடுது, சுருதியும் சேர்ந்து இறங்குது! நாங்க மாறலை, உன் வேன்தான் மாறியிருக்கு! இதுக்கு முன்னாடி இதுல ஒரு கேசட்டும் போட்டதில்லையா?"

"பேஸ்பால் கமென்ட்ரி தவிர எதுவும் கேட்டதில்லை," என்றான் ரொலாண்டோ. பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

வேட் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றான். பாட்டின் நடுப்பகுதி வந்தது. அவனே எழுதியதுதான். ஆனால் ஒரே இரைச்சலாக ஓடி மறையும் அந்த இடத்தில் இப்போது ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக மூச்சு விட்டது. கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஆள் நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தது.

"திருப்பிப் போடு," என்றான். மறுபடி கேட்டான். "பேஸை எடுத்துட்டு வா. ஓடு!"

ரொலாண்டோ ஓடினான். அவனுடையது கழுத்தில் மெட்டுக் கம்பி இல்லாத பேஸ். விரல் நிற்கும் இடத்தில் ஸ்வரம் நிற்கும், விரல் வழுக்கினால் அதுவும் வழுக்கும். வேன் படியில் உட்கார்ந்து, மறுபடி தந்திகளைத் தளர்த்தி, கேசட்டோடு சேர்ந்து வாசித்தான். மின்சாரம் இல்லாததால் சத்தம் வரவில்லை. வேட் மண்டியிட்டு பேஸின் மரத்தில் காதை ஒட்டிக்கொண்டான்.

கிட்டார் போகும் பக்கம் பேஸ் போகவில்லை. கிட்டார் ஏறினால் அது இறங்கியது. கிட்டார் நின்ற இடத்தில் வழுக்கிக்கொண்டு கிளம்பி, ஒரு பாடகியைப்போல் நீளமாக இழுத்து, அடுத்த தாளம் விழுகிற இடத்துக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

வேட் தலையைத் தூக்கியபோது அவன் கண் பளபளத்தது. "கிப், காதை வச்சுப் பாரு."

"என் காது நல்லாத்தான் இருக்கு."

"வைடா!"

கிப் முனகிக்கொண்டே வைத்தான். ஒரு வரி கேட்டான். இரண்டு வரி கேட்டான். மூன்றாவது வரியில் அவனுடைய வலது கால் தானாகத் தாளம் போட்டது. அதைப் பார்த்துவிட்ட க்ளெண்டா, "ம்ம்," என்றாள்.

"நடுப்பகுதியை வெட்டுறோம்," என்று எழுந்தான் வேட். "இந்த வேகத்துல, இந்தச் சுருதியில புதுசா வாசிக்கிறோம். மூணு பேரும். இப்பவே."

"என்னோட டிரம்ஸையா வெட்டுவே?" கிப் கத்தினான். "அந்த ஒரு பதிவுக்கு எத்தனை நாள் உயிரைக் குடுத்தேன்! என் வாழ்நாள்ல அதைவிட வேகமா அடிச்சதில்லைடா!"

"அடுத்தவனும் அவ்வளவு வேகமா அடிப்பான் கிப். இதை எவன் பண்ணுவான்?"

கிப் மேற்கே பார்த்தான். தூரத்தில் இடி உறுமியது. கையிலிருந்த டிரம்ஸ் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றினான். "சீக்கிரம் வாங்கடா, மழை வருது," என்று உள்ளே நடந்தான்.

மெதுவாக வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் கிப்புக்குத் தெரிந்தது. வேகத்தில் பழகிய கை, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எகிறிக் குதித்தது. முதல் தடவை கெட்டது. இரண்டாவதும் கெட்டது.

"எங்க மாமா கல்யாணத்துல இதைவிட நிதானமா வாசிப்பாரு," என்றான் ரொலாண்டோ. "அதுவும் சாண்ட்விச் தின்னுக்கிட்டே."

"வாயை மூடுறா, மாப்பிள்ளை!" என்றான் கிப். ஆனால் சிரித்துவிட்டான். சிரித்ததில் தோள் இறங்கியது. தோள் இறங்கியதும் தாளமும் இறங்கி உட்கார்ந்தது. மூவரும் அந்த நடுப்பகுதிக்குள் ஒன்றாக நுழைந்து, ஒன்றாக வெளியே வந்தார்கள். க்ளெண்டா கட்டைவிரலை உயர்த்தினாள்.

பிறகு அவள் பிளேடை எடுத்தாள். இரண்டு அங்குல அகல நாடாவை உலோகப் பள்ளத்தில் படுக்க வைத்து, கிப்பின் முகத்தைப் பார்க்காமல், வெட்டினாள். சர்ர்ரக். கிப் கண்ணை மூடிக்கொண்டான். பழைய துண்டு வெளியே வந்தது. புதுத் துண்டு உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நடுப்பகுதிக்கு முன்னாடியும் பின்னாடியும் இன்னும் பேஸ் பாக்கி இருக்கு," என்றாள். "அது பழைய வேகம். ஒரே ஒரு தடவைதான் நேரம் இருக்கு, ரொலாண்டோ."

அவன் மறுபடி தந்திகளை ஏற்றினான். இப்போது அவனுக்குப் பதற்றம் இல்லை. வளைவு நெளிவுக்கெல்லாம் நடுவில் இடம் கிடைத்துவிட்டது. வேகப் பகுதியில் அவற்றைத் திணிக்க வேண்டியதே இல்லை. தேர்வு அன்று செய்ததுபோல் கிப்பின் கால் போடும் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால் போதும். ஓடினான். பிய்ந்த விரலிலிருந்து ரத்தம் தந்தியில் தெறித்தது. நடுப்பகுதி, அவன் முன்பே வாசித்துவிட்ட பேஸோடு, தானாக வந்து தாண்டிப் போனது. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசிப் பகுதிக்குள் தலைகீழாகப் பாய்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிப் நாற்காலி மேல் ஏறி நின்று கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை.

கடைசி ஸ்வரம் அடங்கியது. நாடா நின்றது. அடுத்த நொடி வாசலில் வெள்ளையாக ஒரு வெளிச்சம், தலைக்கு மேல் ஒரு வெடி. க்ளெண்டா எல்லா விசைகளையும் இறக்கினாள்.

"ஒரு தடவை போட்டுக் காட்டுங்க!" மூவரும் அவள் மேல் விழுந்தார்கள்.

"கெஞ்சாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

இருட்டு அறையில் யாராலும் உட்கார முடியவில்லை. கிப் தொடையிலேயே நடுப்பகுதியை அடித்துப் பார்த்தான், மெதுவாக. வேட் போனை எடுத்தான்.

"இடி இடிக்கிறப்போ போனைத் தொடாதே!" என்று கத்தினாள் க்ளெண்டா.

"நியூயார்க்கா? வேட் பேசறேன்," என்றான் அவன். "ஆள் வேண்டாம். அனுப்பாதீங்க. ஆமா, பேஸ் ஏறியாச்சு. வேகமாவா? ஆமா, வேகமும் இருக்கு." அவன் ரொலாண்டோவைப் பார்த்தான். "ஆல்பம் அட்டையில போடறதுக்கு உன் முழுப் பேர் கேக்கிறாங்க. நீயே சொல்லு."

ரொலாண்டோ ரத்தம் காயாத விரலால் போனை வாங்கினான்.