சவுரியம்மாளின் வயிற்று வலி

1957-இல் சவுரியம்மாள் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஆவாரம்பட்டைக் கூடை சுமந்துகொண்டிருந்தாள். வயது முப்பத்திரண்டு. சின்ன வயதிலிருந்தே பருத்த உடம்பு. மற்றவர்கள் சுமக்கும் அதே பாரத்தைத்தான் அவளும் சுமந்தாள். ஆனால் அவள் நடந்து போனால் மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நிலம் ஆடுவதுபோல் நடித்துக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

தை மாதம் அவளுக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியது. வயிறு கல்லாக இருந்தது. கணவன் சாமுவேலிடம் சொன்னாள்.

"ஜாஸ்தி துன்னா வயிறு வளரத்தானே செய்யும்?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர் சொல்வதைச் சொன்னான்.

பக்கத்தில் இருந்த டாக்டரிடம் போனாள். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சாப்பாட்டைக் குறைம்மா. எல்லாம் சரியாயிடும்."

குறைத்தாள். காலையில் நீராகாரம், இரவில் ஒரு களி உருண்டை, பகலில் ஒன்றுமில்லை. சித்திரைக்குள் முகம் வற்றிவிட்டது. வயிறு மட்டும் வளர்ந்தது. ஒருநாள் கூடையோடு மயங்கி விழுந்தாள். தூக்கிவிட எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பதைப் பற்றித்தான் அங்கே மூன்று நாள் பேச்சு. ஏன் விழுந்தாள் என்று உடன் வேலை செய்யும் பூவம்மாள் மட்டும் கேட்டாள்.

"மத்தியானம் சாப்புட்டு ரெண்டு மாசம் ஆச்சுக்கா."

"சாப்புடாமலே வயிறு வளருதுன்னா அது சோறு இல்லடி. வேலூர்ல காட்டு. நானும் வர்றேன்."

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். சவுரியம்மாள் உட்கார்ந்ததும், நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். "முதல்ல உடம்பைக் குறைக்கணும்."

"கொறைச்சிப் பாத்துட்டேன்மா. கை வச்சிப் பாருங்க. பாக்காம நான் எழுந்துக்க மாட்டேன்."

சத்தம் போடவில்லை. ஆனாலும் பூவம்மாள் பயந்துபோய் அவள் முந்தானையை இழுத்தாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் படுக்கச் சொன்னார். வயிற்றை அழுத்திக்கொண்டே வந்த கை ஓரிடத்தில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை மாசமா இப்படி இருக்கு?"

"நாலு மாசமா."

"யாரும் பாக்கலியா?"

"பாத்தாங்க. தொடல."

அடுத்த வாரம் ஆபரேஷன் செய்து வயிற்றிலிருந்த கட்டியை எடுத்தார்கள். பதினாலு பவுண்டு இருந்தது. பேசினில் அதைப் பார்த்த சாமுவேல் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு நினைவு திரும்பிய பிறகு, கட்டிலருகே வந்து நின்றான்.

"நான் சொன்னத மனசுல வச்சிக்காத."

"வச்சிக்கினுதான் இருப்பேன்" என்றாள். மேற்கொண்டு அவனைத் திட்டவில்லை.

ஆடியில் வேலைக்குத் திரும்பினாள். கட்டி போனாலும் அவள் பருத்தவள்தான். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தபோது, எதிரே இருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, டாக்டரு சோத்தைக் கொறைக்கச் சொல்லலியா?"

"இல்ல" என்ற சவுரியம்மாள், பூவம்மாள் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.