வியாழக்கிழமைப் பயணி

மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. உளவுத்துறை இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ். பெங்களூரில் ஆராய்ச்சி செய்தபோது பஸ் டிக்கெட்டுகளைத் தோண்டினேன், பிறகு செல்போன் கோபுரங்களை. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பேராசிரியை, பெயர் டார்லின். ஊர்க்காரர்களின் போனில் ஒரு ஆப்பைப் போட்டு, யார் எந்நேரம் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று ஓராண்டாகச் சேர்த்திருந்தோம். டவுன் பஸ்களை ஒழுங்காக விட அது உதவும். பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது, ஆளுக்கு ஒரு எண் மட்டும். உங்களை யாராலும் அடையாளம் காண முடியாது என்று ஒவ்வொருவரிடமும் நானே வாக்குக் கொடுத்தேன். சர்ச் வாசலில் மேசை போட்டு ஆள் சேர்த்தபோது முதலில் வந்து போனை நீட்டியவர் என் அப்பா.

அப்பா பாக்கியசீலன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்தத் தகவல் முழுவதையும் எந்த ஆராய்ச்சியாளரும் எடுத்துக்கொள்ளும்படி திங்கட்கிழமை இணையத்தில் வெளியிடுவதாக இருந்தது. நான் இத்தனை வருஷம் உழைத்ததில் பெரிய காரியம் அதுதான். வெள்ளிக்கிழமை கடைசியாகச் சரிபார்க்க உட்கார்ந்து, ஏதோ ஒரு எண்ணைத் தொட்டேன். காலையில் மைதானத்தில் நடை. சனிக்கிழமை மீன் மார்க்கெட். ஞாயிறு சர்ச், அது முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் கொஞ்ச நேரம். இரவில் வரைபடத்தில் அந்த எண்ணின் புள்ளி தங்கும் இடம் எங்கள் தெரு. அப்பாவேதான். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவான் என்று நம்பிய மண்டையில் நானே குட்டிக்கொண்டேன்.

அதோடு எழுந்திருக்கலாம். வியாழக்கிழமைகள் கண்ணில் பட்டுவிட்டன. வியாழக்கிழமை லைப்ரரிக்குப் போவதாகத்தான் அப்பா சொல்வார். புள்ளி லைப்ரரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றோரமாகக் கிழக்கே போய், ஏரலில் ஒரு தெருவில் மத்தியானம் வரை இருந்துவிட்டுத் திரும்பியது. வாரம் தவறாமல்.

எனக்குக் கோபம் வந்தது. எழுபது வயதில் மகளிடம் என்ன பொய்? வரைபடத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் எந்த வாசல் என்றே தெரிந்துவிடும். விரல் மவுஸ் மேல்தான் இருந்தது. அப்போது அந்தச் சர்ச் வாசல் மேசை ஞாபகம் வந்தது. என் வாக்கை நம்பி அப்பா போனை நீட்டினாரே, வியாழக்கிழமையையும் சேர்த்துத்தானே நீட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரை அணைத்தேன்.

கல்லூரி முதல்வரிடம் போய், வெளியிட முடியாது என்றேன். அழைப்பெல்லாம் அனுப்பியாயிற்றே என்று அவர் தலையில் கை வைத்தார். என்னால் ஒருவரைக் கண்டுபிடிக்க முடிகிறதென்றால் சந்தேகப் புருஷனுக்கும் முடியும், மாமியாருக்கும் முடியும் என்றேன். யாரைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். சொல்லவில்லை. இனிமேல் உங்களை நம்பி யாரும் ஒரு திட்டமும் தரமாட்டார்கள் என்றார். அது நடக்கவும் நடக்கலாம்.

சாயங்காலம் அப்பா அடுக்களையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வெளியீடு நின்றது, ஏன் நின்றது, ஏரல் தெரு வரைக்கும். உள்ளி உரித்த கை நின்றது.

"யாரு வீடுன்னு பாத்தியாம்மா?"

"பாக்கலப்பா. தெரு வரைக்குந்தான். அதையும் பாத்திருக்கக் கூடாது."

"பாத்திருக்கலாம்லா?"

"பாத்திருக்கலாம். ஒங்களுக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்லா."

என் கோபம் எங்கே போயிற்றோ, எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்பா உள்ளித் தட்டை ஓரமாக வைத்தார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, ஒரு நாற்காலியை எனக்காகப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் இவ்வளவு நாளும் முழிச்சேன். இங்கன உக்காரு டார்லின், நானே சொல்லுதேன். அவங்க பேரு இன்பமணி."