தூண்டில் வாங்கப் போன தையல்காரி

காபி போட உள்ளே போனவள் திரும்பி வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆறு கோட்டுகளின் காலர் பிரிந்து கிடந்தது.

"ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்," என்றார் அவள் புருஷன், கையில் அளவு டேப்போடு. "இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு. நான் பார்த்தேன், நீ தப்பிச்ச."

தையல்காரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரிலேயே பெரிய ஹோட்டல் ஒன்று தன் பணியாளர்களுக்காக நாற்பது கோட்டுகளை அவளிடம் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். ஒழுங்காக வந்தால் வருஷம் முழுக்க ஹோட்டல் தையலெல்லாம் இவளுக்குத்தான் என்று மேனேஜர் வாயாலேயே சொல்லியிருந்தார். உடல் பகுதியெல்லாம் முடிந்து காலர் மட்டுமே பாக்கி. இன்றைக்குத் திங்கள். காலைவரை பதினாறு காலர் முடித்திருந்தாள். இப்போது பத்து.

"அது யார் கண்ணுக்கும் தெரியாதுங்க!"

"என் கண்ணுக்குத் தெரிஞ்சுதே."

அதுதான் வினை. தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். குழாயைத் தூக்கிப் பார்ப்பார், திருகிப் பார்ப்பார், "ரிஜெக்ட்" என்பார். அங்கே அவருக்குப் பெயரே ரிஜெக்ட்தான். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. தொழிற்சாலை நிம்மதியாகிவிட்டது, தையல் அறைக்கு நிம்மதி போய்விட்டது.

அன்றைக்கு நாத்தனாரிடம் போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

"அண்ணி, எங்க அண்ணனை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நீங்க ஊசியில நூல்கூடக் கோக்க முடியாது," என்றாள் நாத்தனார். "ஏரிதான் பக்கத்துலயே இருக்கே. ஒரு தூண்டிலை வாங்கிக் கையில குடுத்து அனுப்பிவிடுங்க. எங்க வீட்டுக்காரர் போனா பொழுது சாஞ்சாத்தான் வருவார்."

விஷயத்தை அவரிடம் பக்குவமாக எடுத்து வைத்தாள். ஆச்சரியம், மறுக்கவில்லை. "ஆனா ஒண்ணு. சாமானை நான் பார்த்துத்தான் வாங்குவேன்," என்றார். போன மாதம் குடை வாங்கப் போனவர் மூன்று நாள் மூன்று கடைக்குப் போய், மூன்று நாளும் நனைந்துகொண்டே திரும்பி வந்தவர். தனியாக விட்டால் இதுவும் அப்படித்தான். கூடவே கிளம்பினாள்.

தூண்டில் கடை நீளமாக, ஒடுக்கமாக இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கம்புகள் நிறுத்தியிருந்தன. எதிர்ச் சுவரில் சின்னச் சின்ன இழுப்பறைகள். மூலையில் ஒரு குளிர்ப்பெட்டி. அதன்மேல் 'மண்புழு' என்று எழுதி ஒட்டியிருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கடைக்காரர் சிரித்த முகமாக எழுந்தார்.

"வாங்க சார். எந்த மீன் பிடிக்கப் போறீங்க?"

"தரமான மீன்," என்றார் ரிஜெக்ட்.

கடைக்காரர் தையல்காரியைப் பார்த்தார். தையல்காரி கூரையைப் பார்த்தாள்.

ரிஜெக்ட் முதல் கம்பை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் பார்த்தார். தரையில் படுக்க வைத்து, பதித்த கற்களின் கோட்டோடு ஒட்டிப் பார்த்தார்.

"வளைஞ்சிருக்கு."

"வளையறதுக்குத்தான் சார் கம்பு. வளையலைன்னா மீன் இழுக்கிற இழுப்புல தூண்டில் நரம்பு அறுந்துடும்."

"தானா வளையறது வேற. வளைச்சு வளையறது வேற. அடுத்தது."

அடுத்ததில் நரம்பு ஓடும் வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லையாம். அதற்கடுத்ததில் கைப்பிடித் தக்கையில் ஒரு ஓட்டை. ஏழு கம்பு போயிற்று. ஒரு கம்புக்கு ஒரு காலர் என்று தையல்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்நேரம் வீட்டில் இருந்திருந்தால் பிரித்த ஆறையும் திரும்பத் தைத்து, ஏழாவதில் கை வைத்திருப்பாள்.

நரம்புக்கு வந்தபோது அவர் பையிலிருந்து ஒரு சுருள்வில் தராசை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்! தையல்காரிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

"நாலு கிலோ தாங்கும்னு எழுதியிருக்கு. பார்த்துடுவோம்."

நரம்பைத் தராசின் கொக்கியில் முடிந்து இழுத்தார். டப். மூன்று கிலோவைத் தொடுவதற்குள் அறுந்தது.

"பார்த்தீங்களா?"

"முடிச்சுல அறுந்துருக்கு சார். நீங்க போட்டது துணி காயப் போடுற கயித்து முடிச்சு. நரம்புக்கு வேற முடிச்சு. அஞ்சு சுத்து சுத்தி, ஈரம் பண்ணி இறுக்கணும்."

"முடிச்சு மேல பழியைப் போடாதீங்க. அடுத்த உருளை."

டப். இன்னொன்று. டப்.

"ஒரு பெட்டியில மூணு மாதிரி எடுத்தேன், மூணும் தேறலை. மொத்தப் பெட்டியும் ரிஜெக்ட்."

கடைக்காரரின் சிரிப்பு எப்போதோ காணாமல் போயிருந்தது. "சார், நான் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகணும்."

"முள்ளைக் காட்டுங்க, முடிச்சிடலாம்."

கடைக்காரர் நீட்டிய முள் டப்பாவைத் திறந்து மேஜைமேல் கொட்டினார். ஒவ்வொரு முள்ளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். பத்து வைத்தார். பதினொன்று வைத்தார். பன்னிரண்டாவதை எடுத்து, "இதோட கொக்கி கொஞ்சம்..." என்று இழுத்தபோது தையல்காரிக்குள் இருந்த கடைசி இழையும் அறுந்தது.

"போதும்! நீங்க மீன் பிடிக்கணும்னு இங்க யாரும் தவம் கிடக்கல. எனக்கு என் ரூம் வேணும். கதவைச் சாத்திட்டு மூணு நாள் நான் தைக்கணும். நீங்க தூண்டிலைப் போடுங்க, இல்ல ஏரியில கல்லைப் போடுங்க, எனக்கென்ன! என் காலர் மேல கை வைக்காம இருந்தாப் போதும்!"

கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

ரிஜெக்ட் பன்னிரண்டாவது முள்ளை மெதுவாக மற்றவற்றோடு வைத்தார். "உதவியா இருக்கும்னுதான் பார்த்தேன்," என்றார்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. ஆனால் இரக்கப்பட்டு உட்கார்ந்தால் முப்பது காலரும் அப்படியே நிற்கும். "அந்த ஸ்டூல்ல உட்காருங்க. பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது," என்றாள். கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, இதுவரைக்கும் தூண்டிலைத் தொடாதவர். கரையில நின்னு பிடிக்கணும். இந்த ஏரி. என்ன வேணுமோ அதை மட்டும் எடுங்க."

"இதை முதல்லயே கேட்டிருக்கலாமேம்மா," என்று பெருமூச்சு விட்டார் அவர். கை மளமளவென்று ஓடியது. ஆறரை அடியில், இரண்டாகக் கழற்றக்கூடிய ஒரு கம்பு. "கனமான கம்பு வேண்டாம். சின்ன மீன் கடிச்சா கைக்கே தெரியாது." சின்னதாக ஒரு ரீல். மெல்லிய நரம்பு. சிறு முள் ஒரு பொட்டலம். மிளகு அளவில் ஈயக் குண்டுகள். ஒரு டப்பா மண்புழு.

"இப்ப ஒண்ணு சொல்லுங்க. கம்பு நுனியில மணி கட்டிக்கலாம். மீன் கடிச்சா அடிக்கும். அதுவரைக்கும் பேப்பர் படிக்கலாம், போன் பேசலாம்..."

"போன் பேசலாமா? வேண்டாம், வேண்டாம்."

"அப்ப மிதவை. ஆனா இதுல கண்ணை எடுக்கவே கூடாது. அசந்தா புழுவைத் தின்னுட்டு மீன் போயிடும்."

"கண்ணை எடுக்கவே கூடாதா?"

"இமைக்கிறதே தப்பும்மா."

"அதைக் குடுங்க," என்றாள் தையல்காரி. "ரெண்டா குடுங்க."

மறுநாள் விடிந்ததும் அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இரண்டு காலர் முடிப்பதற்குள் போன் அடித்தது.

"நரம்பு சிக்கிடுச்சு."

"பிரிங்க."

"பிரிச்சேன். அதிகமாயிடுச்சு. இந்த ரீல் சரியில்ல, திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்."

வந்துடறேன்! தையல்காரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினாள். கரையில் அவர் கையில் பறவைக் கூடு போல ஒரு நரம்புப் பந்தோடு நின்றிருந்தார். மிதவை அவர் சட்டைப் பொத்தானில் மாட்டியிருந்தது. "இதுக்குத்தான் நான் பரிசோதிச்சு..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாள் முழுக்க நூலோடு மல்லுக்கட்டுகிறவளுக்குச் சிக்கு ஒரு பொருட்டா? பிரியாததை வெட்டி எறிந்தாள். ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு, முள்ளை முடிந்தாள். புழுவை மட்டும் அவரையே கோக்கச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பை வாங்கி வீசினாள். முதல் வீச்சு நாணலில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து மறுபடி வீசினாள். மிதவை தண்ணீரில் நிமிர்ந்து நின்றது.

"அதையே பாருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அது முங்குற வரைக்கும்."

பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. கழுத்து ஆணி அடித்தாற்போல் நின்றது.

போன் அப்புறம் அடிக்கவே இல்லை. சாயங்காலம் பத்தொன்பதாவது காலரில் கடைசித் தையல் ஓடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. இன்னும் இருபத்தொன்று, இரண்டே நாள். அவர் நேராக மேஜையை நோக்கி நடந்தார்.

"கை!" என்று கத்தினாள்.

நின்று தன் கைகளைப் பார்த்தார். முழங்கைவரை சேறு, நகத்துக்குள் புழு மண். மேஜைமேல் வெள்ளைக் கோட்டுகள். ஓரடி பின்னால் போய் வாசற்படியிலேயே நின்றார்.

"மீன் மாட்டல," என்றார். "ஆனா நாலு தடவை முங்குச்சு. முதல் தடவை பதினொண்ணு இருபதுக்கு. லேசா ரெண்டு ஆட்டம், அப்புறம் சர்ருனு உள்ள. நான் இழுக்கறதுக்குள்ள... இரு, முதல்லேர்ந்து சொல்றேன்."

தையல்காரி எந்திரத்தை ஓடவிட்டாள். அவர் குரலை உயர்த்தினார். வேகமாக மிதித்தாள். இன்னும் உயர்த்தினார். மூன்றாவது முங்கலுக்கு வரும்போது அவள் அடுத்த காலரின் ஒரு பக்கம் முடித்திருந்தாள்.

"கையைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்," என்றாள் அவசரமாக. "கழுவாதீங்க. அங்கேயே நின்னு சொல்லுங்க."