தேனில் குழைத்துக் கொடுத்தது

டாக்டர் குழந்தையின் கீழுதட்டை விலக்கி ஈறோரமாக டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடியும் அதே இடத்தில் அடித்துப் பார்த்தது டெய்லரக்காவுக்குப் பிடிக்கவில்லை. தம்பி மகள், மூன்று வயது, கட்டிலில் துவண்டு கிடந்தாள். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவள், ரத்தம் எடுத்தபோது முனகக்கூட இல்லை.

"வீட்டுல வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர். ஒண்ணுமே குடுக்கல" என்றாள் தம்பி மனைவி.

தெரிந்தேதான் பொய் சொன்னாள். போன வருஷம் வேறொரு டாக்டரிடம், குழந்தைக்குப் பச்சிலை அரைத்துப் பூசியதாக வாய்தவறிச் சொல்லிவிட்டு, காத்திருந்தவர்கள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அன்றோடு ஆஸ்பத்திரியில் வாயைத் திறப்பதில்லை. போதாததற்கு, இப்போது நாத்தனாரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை போலும்.

பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போக, குழந்தை வளர்ந்ததெல்லாம் டெய்லரக்காவின் தையல் மிஷின் பக்கத்தில்தான். உடம்பெல்லாம் சொறி. ஒரு வருஷம் பூசாத களிம்பில்லை. சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமலிருக்கக் கைகளில் சாக்ஸ் மாட்டிவிட்டு, அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்க்கமாட்டாமல் திரும்பி உட்கார்ந்து தைத்த நாட்கள் உண்டு. பிறகுதான் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொடி கிடைத்தது. செங்கல் நிறம். காலையும் மாலையும் ஒரு சிட்டிகை, தேனில் குழைத்து. பன்னிரண்டாம் நாள் தோல் பட்டாகிவிட்டது. நம்பாமல் என்ன செய்வாள்? அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சொன்னதோடு விடாமல் மூன்று வீடுகளுக்குப் பொட்டலம் மடித்தும் கொடுத்தாள். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தபோது, பூச்சியாயிருக்கும் என்று ஒரு சிட்டிகை கூட்டித்தான் கொடுத்தாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் இப்போது. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். தம்பி மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எல்லா நாட்டு மருந்தையும் நான் தப்பு சொல்லலம்மா. ஆனா ஈறோரமா நீலக் கோடு தெரியுது, இதுல ஈயம் கலந்திருக்கும்னு தோணுது. ரத்தம் சொல்லிடும். இப்பவே அட்மிட் பண்ணணும்." பொட்டலத்தை மடித்தபடி கேட்டார்: "வேற எந்தக் குழந்தைக்காவது குடுத்திருக்கீங்களா?"

வராந்தாவில் நின்று போன் போட்டாள். முதல் வீட்டில், குழந்தை துப்பிவிட்டதால் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இரண்டாவது வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்புவதாகச் சொன்னார். மூன்றாவது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணி, போயிட்டு வாங்க" என்றாள் தம்பி மனைவி, முகத்தைப் பார்க்காமல். "இங்க நான் இருக்கேன்."

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது மணி நான்கு. ஈரக் கையைத் துடைத்தபடி கதவைத் திறந்தாள் அந்த வீட்டுப் பெண். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க டெய்லரக்கா. நானே வரணும்னு இருந்தேன். உங்க பொடி கைமேல பலன். அரிப்பு, அழுகை ஒண்ணும் கிடையாது."

"பாப்பா எங்க?"

"மெதுவா பேசுங்க, தூங்குறா. காலையில பால் குடிச்சிட்டுப் படுத்தவ. இப்படி அசந்து தூங்கி நான் பாத்ததே இல்ல."

அவள் தோளுக்கு மேலாக உள்ளறைக் கட்டில் தெரிந்தது. போர்வைக்கு வெளியே ஒரு சின்னப் பாதம். அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அது கட்டைவிரல்வரை நிதானமாக நடந்துபோய், திரும்பி, மறுபடியும் நடந்து வந்தது.