நாலு பேர் கூடாத பாட்டு

1

இந்தக் கதை எனக்குத் தோசை மாவு வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் அங்கம்மாளிடம்தான் மாவு வாங்குகிறார்கள். பிடிபட்டால் மானம் போய்விடும்.

அவள் பாக்கெட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது தெருவில் போன ஆட்டோவிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. கிட்டார் உறுமும், டிரம் இடிக்கும், நடுவில் ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து கத்துவாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆடியும் இருப்பீர்கள்.

"அதுல கத்துறது நான்தான் அண்ணாச்சி," என்றாள் அங்கம்மாள், பாக்கெட் வாயை முடிந்தபடி. "சாபம் விடுதேன். எம்மவனுக்கு."

கூட ஒரு கரண்டி ஊற்றச் சொல்ல வாயெடுத்தவன், அதை மறந்துபோனேன்.

அந்தப் பாட்டைப் பற்றி அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ரெக்கார்டிங் அறையில் மகன் அவளிடம் சொன்னது நிஜமா, பொய்யா? அதைக் கண்டுபிடித்துக் கடைசி வரியில் எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: "அந்தப் பாட்டு பிறந்த நேரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கிக்கொண்டிருந்த கிரேன் தலையாட்டியது, கொழும்புக்குப் போக வேண்டிய வெங்காயம் வந்த கப்பலிலேயே திரும்பிப்போயிற்று." (நன்றாகத்தான் இருக்கிறது. நானே நேரில் பார்த்தேன் என்று சேர்த்தால் இன்னும் எடுபடும். ஆனால் அங்கம்மாள் இதில் எங்கே வருவாள்?)

இரண்டாம் தொடக்கம்: "மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரியின் ஒரு மாலையில்..." (கொச்சியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கம்மாள் வீட்டுப் பக்கம் மணப்பது புளித்த மாவும் சாக்கடையும்.)

மூன்றாம் தொடக்கம்: "ஒரு தாய் தன் மகனை..." (வேண்டாம்.)

3

நல்லசிவம் அவளுக்கு ஒரே மகன். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ராக் பாட முடியாதென்று சிநேகிதர்கள் சொல்லியும் மாற்றிக்கொள்ளாதவன். அந்த ஒரு விஷயத்தில் அவனை எனக்குப் பிடிக்கும். அவன் அம்மாவின் கிரைண்டரை விற்று ஆம்ப்ளிஃபயர் வாங்கினான்.

ஊறவைத்த அரிசியோடு அவள் வந்து பார்த்தபோது, கிரைண்டர் இருந்த மூலையில் கறுப்பாக ஒரு பெட்டி. அதன் முன்னால் மகன் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான். டிரம் அடிக்கிற யூசுப், புது மெட்டு மறந்துபோகாமலிருக்கப் போனில் பதிவை ஓடவிட்டிருந்தான்.

அங்கம்மாள் தெருவுக்கு ஓடினாள். மண்ணை வாரித் தூற்ற வேண்டும். தெரு நெடுக சிமெண்டுக் கட்டை பதித்திருந்தார்கள். பெற்ற பிள்ளையைச் சபிக்க ஒரு கைப்பிடி மண் கிடைக்காத ஊராகிவிட்டது. பெயிண்ட் வாளியில் நின்ற கறிவேப்பிலைச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நீ தொட்ட கம்பி ஒங்கையை அறுக்க!
நீ பாடுற வாயில புல்லு மொளைக்க!
ஒனக்கு நாலு பேரு கூடாமப் போக!"

(சந்தம் பிசகினால் சாபம் பலிக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். யாரும் சொன்னதில்லை. இப்போதுதான் தோன்றிற்று.)

மகன் கூனிக்குறுகி நின்றான் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். அவன் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு யூசுப்பைப் பார்த்தான்.

"எடா, கிட்டிச்சா?"

"முழுசும் கிட்டி."

அந்தப் பதிவைச் சுற்றிப் பாட்டைக் கட்டினார்கள். போன் போனாகப் பரவியது. திருப்பூணித்துறையில் ஒரு மைதானத்தில் ஆயிரம் பேர் கூடி, கைகளைத் தூக்கி, "நாலு பேரு கூடாமப் போக" என்று கத்தினார்கள். நல்லசிவம் பழையதைவிடப் பெரிய கிரைண்டராக வாங்கிக் கொடுத்தான். தாயும் மனம் ஆறினாள். கதை இத்தோடு நின்றிருந்தால் நானும் தோசை சுடப் போயிருப்பேன்.

4

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பாட்டை முறையாக வெளியிடக் கேட்டது. போன் பதிவில் காக்காய் கத்தியது, மீன்காரரின் ஹாரன் அலறியது. அம்மாவின் குரல் சுத்தமாக வேண்டும் என்றார்கள்.

எறணாகுளம் ஸ்டுடியோவுக்கு அங்கம்மாள் பட்டுச்சேலை கட்டி, எல்லோருக்கும் உளுந்தவடை சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் அவளைத் தனியாக நிறுத்தி ஹெட்போனை மாட்டினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாசமாப் போவே, எங்கண்ணு," என்றாள் மைக்கில்.

"அம்மச்சி, தேஷ்யம் போரா,"* என்றான் பதிவு செய்கிற சஜி.

* தேஷ்யம் என்றால் கோபம். போரா என்றால் போதாது. சஜிக்குத் தமிழ் தெரியாது. நல்லசிவத்துக்குத் தமிழ் எழுத வராது. பாட்டை மலையாள எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தான். எனக்கு ராக் தெரியாது. ஆக, தகுதியான ஆட்கள் கையில்தான் விஷயம் இருக்கிறது.

"வயிறு நெறஞ்சுல்லா இருக்கு தம்பி," என்றாள் அவள். "கிரைண்டர் வாங்கித் தந்தவன ஏசுன்னா எப்படி வரும்?"

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். வடை தீர்ந்தது. அடுத்து ஸ்டுடியோவை எடுத்திருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்போது நல்லசிவம் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனான். அவள் காதிலிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினான்.

"அம்மா, அப்பா செத்தன்னைக்கு எம்போன்ல சார்ஜ் இல்லன்னு சொன்னேன்லா. இருந்துச்சு. அப்பா கூப்பிட்டாரு. பிராக்டீஸ்ல இருந்தேன், கவுத்தி வச்சுட்டேன். மறுபடியும் கூப்பிட்டாரு."

அவள் புருஷன் பாலையா ஆஸ்பத்திரியில் இறந்தவர். அவள் கஞ்சி எடுக்க வீட்டுக்கு வந்திருந்த நேரம், பக்கத்தில் யாருமில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவர் கையில் போன் இருந்தது. யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை. மகன் சார்ஜ் இல்லை என்றான். நம்பினாள்.

நல்லசிவம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தான்.

அவள் குரல்...

அப்போது அவள்...

பாட்டில் இருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே முறைதான். அதைத்தான் வெளியிட்டார்கள். மகன் பேசியதும் பதிவாகியிருந்தது. பாட்டுக்கு வேண்டாததென்று வெட்டிவிட்டார்கள்.

5

அவள் வெளியே வந்ததும் மகன் காலில் விழுந்தான்.

"பொய்ம்மா! ஒனக்குக் கோவம் வரணும்னு சொன்னேன். எந்தலையில அடிச்சுச் சத்தியம், பொய்!"

"சார்ஜ் இல்லன்ன. கவுத்தி வச்சேன்ன. இப்ப பொய்ங்குற. ஒரு வாயி, மூணு சொல்லு. எதைலே நான் புடிச்சுக்க?"

(பாலையாவின் போனில் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். பிடித்த விரல்களைப் பிரிக்க முடியாமல் போனோடு சேர்த்து எரித்தார்கள். இல்லை, அது நான் சேர்த்தது. பிறகு சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆஸ்பத்திரியில் சார்ஜ் போட்ட இடத்திலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகன் போனிலோ பழைய அழைப்பெல்லாம் அழிந்துபோயிருந்தது. இவ்வளவு சப்பையாக எனக்குக் கற்பனை வராது, ஆகவே நம்பலாம்.)

முடிவு அ: பொய்தான். அப்படியானால், அப்பன் சாவை எடுத்துப் பாட்டுக்குத் தாளிதம் போட்ட பிள்ளை.

முடிவு ஆ: நிஜம்தான். அப்படியானால், ஒரு நல்ல பதிவு கிடைக்கும்வரை அதைச் சொல்லாமல் வைத்திருந்த பிள்ளை.

எது அவளுக்கு இலேசு என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவனையே சாயாக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"பொய்தான் மாமா. அந்த நேரத்துக்குத் தோணுனது." சாயாவைக் குடித்து முடித்துவிட்டு மீதியைச் சொன்னான். "ஆனா இப்பல்லாம் போன்ல அப்பா பேரு மின்னுறது கண்ணுல தெரியுது. சொன்னதுனால தெரியுதா, நடந்ததுனால தெரியுதான்னு மனசிலாகல."

6

அங்கம்மாள் அவனுக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை. நேற்று அவளிடம் போய்க் கேட்டேன்.

"பொய்னு எழுதி முடிச்சிரட்டுமா?"

"நீங்களா?" சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க பொய்னு எழுதுனா, ஊரு அது நெசம்னுல்லா எடுத்துக்கும் அண்ணாச்சி!"

"அப்ப நெசம்னு எழுதுதேன்."

சிரிப்பு நின்றது.

"எழுதித்தான் பாருங்க," என்றாள்.

எழுதவில்லை. எனக்கு மாவு வேண்டும்.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இவ்வளவு நேரத்தில் நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள். போய், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். காலையில் போனால் கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். நல்லசிவம் எழுந்து வரும்வரை மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அவனுக்கும் தெரிய வேண்டும்.