வாய் திறக்காமல் வானம் பார்த்தல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்த இலக்கிய ஆவேசத்திலும் பிறக்கவில்லை. ஆமத்தூர் வானியல் கழகத்தின் தலைவர் ரத்தினசாமி அண்ணாச்சி, "நம்மளப் பத்தி நாலு வரி எழுதுங்களேன், ஆளு சேரட்டும்" என்றார். அவர் மிளகாய் வற்றல் வியாபாரி. கழகத்தின் ஒரே தொலைநோக்கி அவருடையது. உறுப்பினர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். நாலு வரி இப்படி நீண்டுவிட்டது.

2

முதல் தொடக்கம்: "எல்லையற்ற பிரபஞ்சத்தின் மடியில், ஒரு சிறு புள்ளியாக..."

[வேண்டாம். எனக்கே தூக்கம் வருகிறது.]

இரண்டாம் தொடக்கம்: "யோகேஸ்வரிக்கு நிலாவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்."

இது தேவலை. யோகேஸ்வரி சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். "வருசம் பூரா பௌர்ணமியும் அமாவாசையுமா அடிச்சுத் தள்ளுறோம். அது எப்படி இருக்குன்னு ஒருநா பாக்கணும்ல" என்றார். ஆனால் உறுப்பினர் அல்லாதவர் தொலைநோக்கியைத் தொடக்கூடாது.

3

சேர்வதற்கு ஒரே பரீட்சை. அண்ணாச்சியின் மொட்டைமாடியில் நிற்க வேண்டும். எரிநட்சத்திரம் விழும்போது "எந்தக் கம்பெனி?" என்று கேட்கக்கூடாது. உறுப்பினர்களுக்கும் இதே விதிதான், கேட்டவர் வெளியே.

வெளியூர்க்காரர்களுக்கு இது சுலபம். எங்கள் பக்கமோ பட்டாசுக் கம்பெனிகள் புதுச் சரக்கை வானத்தில் விட்டுப் பார்க்கும் சீமை. மேலே எது மின்னினாலும் கீழே அந்தக் கேள்வி தானாக வந்துவிடும். யோகேஸ்வரி ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுத் தோற்றவர்.* இன்னொரு முறை தோற்றால் அப்புறம் வாய்ப்பே கிடையாது.

* இரண்டாம் முறை, பெட்டிக்கு எத்தனை வரும் என்றும் விசாரித்தார்.

4

"தோற்ற அன்று யோகேஸ்வரியின் கண்கள் கலங்கின" என்று உருக்கமாக எழுதி அவரிடமே படித்துக் காட்டினேன்.

"அண்ணாச்சி மாடில வத்தல் காயப் போட்டிருந்தாக. அதுல கலங்குச்சு. நீங்க பாட்டுக்கு அழ விட்டுருக்கீக" என்றார்.

[கண்ணீர் நீக்கப்பட்டது.]

5

கார்த்திகைக் கடைசி. மாடியில் யோகேஸ்வரிக்கு மூன்றாவது பரீட்சை. பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. வானத்தின் குறுக்கே எரிநட்சத்திரம் ஒன்று பச்சையாகக் கோடு இழுத்துக்கொண்டு போனது. அவ்வளவு பெரியதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

முடிவு அ: யோகேஸ்வரி கேட்டுவிடுகிறார். வீட்டுக்குப் போகிறார். [மனசு வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.]

முடிவு ஆ: அவர் அமைதி காக்கிறார். அனைவரும் கைதட்டுகி... [சகிக்கவில்லை.]

நடந்தது இதுதான்.

"ஏலே, எந்தக் கம்பெனிலே இது?" என்றார் அண்ணாச்சி. கூடவே நாங்கள் நான்கு பேரும் அதையே கேட்டோம். யோகேஸ்வரி மட்டும் கேட்கவில்லை. அவர் வாய் நிறைய சாத்தூர்க் காரச்சேவு.

6

விதிப்படி ஐவரும் வெளியே. கழகத்தின் ஒரே உறுப்பினர் யோகேஸ்வரி. நிலாவின் பக்கம் திருப்பிய தொலைநோக்கியில் வைத்த கண்ணை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஏயப்பா, மேலெல்லாம் அம்மைத் தழும்பு. நாங்க வழுவழுன்னு வட்டம் போட்டு ஊரையே ஏமாத்திக்கிட்டு இருக்கோம்" என்றார். குரல் தழுதழுத்தது. அன்றைக்கு மாடியில் வற்றல் இல்லை.

அண்ணாச்சி தன் சொந்தத் தொலைநோக்கியைத் தொட நீட்டிய கையை அவர் தடுத்தார். "பரீட்சைல தேறிட்டு வாங்க அண்ணாச்சி."

நேற்று யோகேஸ்வரி இந்தப் பிரதியைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்தச் சேவ எடுத்துருங்க. கட்டுப்பாடா வாயத் தொறக்கலைன்னு போடுங்க."

"அது போச்சுன்னா கதையே இல்லையேம்மா."

"ஒங்களுக்குக் கதை வேணுமா, சனியோட வளையத்தப் பாக்கணுமா?"

வாசகரே, நான் வளையத்தை இன்னும் பார்த்ததில்லை. ஆகவே ஐந்தாம் பகுதியில் காரச்சேவு கிடையாது. நீங்கள் முன்பே படித்துத் தொலைத்திருந்தால், அதை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. மறுபரீட்சைக்கான வரிசையில் அண்ணாச்சிக்கு அடுத்து நான் இரண்டாவதாக நிற்கிறேன். எனக்குப் பின்னால் வந்து நிற்கும் எண்ணம் இருந்தால், யோசித்து முடிவெடுங்கள்.